சித்தி யாருடைய மகள் என்று ஃபைலில் எப்படி எழுதுவது?

கேள்வி: அம்மா வழி வம்சாவளியைக் கிராம்ப்ஸ் மென்பொருளில் தொகுத்து வருகிறேன். நானூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். பாட்டி இறந்தபின் அவருடைய பெட்டியில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. பாட்டியின் கடைசி மகள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கும் சித்தி, உண்மையில் பெரியம்மாவுக்குத் திருமணத்துக்கு முன் பிறந்தவர் என்று அதில் இருக்கிறது. பெரியம்மா உயிரோடு இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். சித்திக்கு இது தெரியாது. இது போதாதென்று, டி.என்.ஏ. தளம் ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தொடர்புகொண்டு, என் தாத்தாதான் தன் அம்மாவுக்கும் அப்பா என்கிறார். தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாக அரசல்புரசலாகக் கேள்விப்பட்டதுண்டு. தன்னையும் தன் அம்மாவையும் சேர்க்கச் சொல்கிறார். மாமாவோ, "அந்தக் கதையெல்லாம் எழுதினால் என் பெயரை எடுத்துவிடு" என்கிறார். இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஃபைலை அனுப்பு, அனுப்பு என்று நச்சரிக்கிறார்கள். எழுதினால் துரோகம், எழுதாவிட்டால் பொய் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வேலையாக, ஃபைலை இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதீர்கள். "இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட. கைவிட்டுப் போன ஃபைலைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கியவர் அதை எந்தத் தளத்தில் ஏற்றுவார், யாருக்குத் தட்டிவிடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. மற்ற எதிலும் இவ்வளவு அவசரமில்லை.

எழுதினால் துரோகம், எழுதாவிட்டால் பொய் என்கிறீர்கள். இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த வரியில்தான் வந்து நிற்கும். தெரிந்துகொள்வது, குறித்துவைப்பது, காட்டுவது என்று மூன்று காரியங்கள் இருக்கின்றன, நீங்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டு மனசைப் பிசைந்துகொள்கிறீர்கள். தெரிந்தது தெரிந்ததுதான், இனி அதை மறக்க முடியாது. குறித்துவைப்பது உங்களுக்கும் உங்கள் கணினிக்கும் இடையிலான சமாச்சாரம். காட்டும்போதுதான் அது அடுத்தவரைத் தொடுகிறது. தெரிந்த எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்று யாரும் உங்களிடம் சத்தியம் வாங்கவில்லை, ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது பொய்யாகாது. தெரிந்தே தவறானதை எழுதினால்தான் பொய். இதுவரை சுலபம். தொல்லை எங்கே என்றால், நீங்கள் பொய் எழுதாவிட்டாலும் உங்கள் சார்பில் மென்பொருள் எழுதிவிடுகிறது.

கிராம்ப்ஸில் தாத்தா பாட்டியின் குடும்பத்தைத் திறந்து, பிள்ளைகள் பட்டியலில் சித்தியின் வரியைத் தேர்ந்து அந்த உறவைத் திருத்தும் சாளரத்துக்குப் போய்ப் பாருங்கள். தந்தையுடன் உறவு, தாயுடன் உறவு என்று இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் 'பிறப்பு' என்று இருக்கும். அதை நீங்கள் போடவில்லை. பிள்ளையைச் சேர்த்த கணமே தானாக விழுந்தது அது. உங்கள் நானூறு பேரில் யாருக்கு நீங்கள் கை வைக்கவில்லையோ அவர்கள் எல்லோருக்கும் அப்படியேதான் இருக்கும். ஆக, இவர் இவருக்குப் பிறந்தவர் என்று சில நூறு வாக்குமூலங்களை உங்கள் ஃபைல் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அவற்றில் எத்தனைக்கு உங்களிடம் சான்று இருக்கிறது? ஒருவேளை மிகச் சிலவற்றுக்கு மட்டும் இருக்கலாம். மற்றதெல்லாம் "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்ற வகை. இதில் தப்பில்லை, குடும்ப வரலாறே பாதி அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் சித்தியின் விஷயத்தில் நமக்கு வழி கிடைப்பது இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுங்கள்.

அதற்கு முன் கடிதம். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு யாருடைய தாயையும் மாற்றிவிடாதீர்கள். எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவர் நேரில் அறிந்தவரா அல்லது கேள்விப்பட்டு எழுதினாரா, யாரையாவது மிரட்டவோ பழிக்கவோ எழுதியதா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பிரசவம் பார்த்தவர் அந்த வாரமே எழுதிய கடிதமும், பத்து வருடம் கழித்துச் சண்டை போட்ட உறவினர் எழுதிய கடிதமும் ஒன்றல்ல. கிராம்ப்ஸில் ஒவ்வொரு சான்றுக்கும் மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து படிகளில் நம்பகத்தன்மை குறிக்கலாம், பலர் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. தொடுங்கள். அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றிதழ் வழங்க 1964இல் தொடங்கப்பட்ட வாரியத்தின் நெறிமுறையில், பொய்யென்றோ ஐயத்துக்குரியதென்றோ நிரூபிக்கப்படாததென்றோ தெரிந்த ஒன்றை உண்மையாக வெளியிட மாட்டேன் என்று ஒரு உறுதிமொழி உண்டு. அது உங்களுக்கு இருபக்கமும் வெட்டும். சித்தி பாட்டிக்குப் பிறந்தவர் என்று இனி நீங்கள் அடித்துச் சொல்ல முடியாது, பெரியம்மாவுக்குப் பிறந்தவர் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

டி.என்.ஏ. சொல்லாதா என்று கேட்பீர்கள். சொல்லும். சித்தி உங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர் என்றால் உங்களுக்கும் அவருக்கும் சராசரியாக 25 சதவீத டி.என்.ஏ. ஒன்றாக இருக்கும். பெரியம்மாவின் மகள் என்றால் அவர் உங்களுக்கு அக்கா முறை, சுமார் 12.5 சதவீதம்தான் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது அவ்வளவு கடினமில்லை. ஆனால் "சும்மா ஒரு டெஸ்ட், எல்லோரும் எடுக்கிறோம்" என்று சொல்லி அவரிடம் பரிசோதனைக்கு எச்சில் வாங்காதீர்கள். எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் ஒருவர் தருவது சம்மதமே இல்லை. அப்படி எடுத்தால், அந்தச் செய்தி அவருக்கு முதன்முதலில் ஒரு தளத்தின் திரையில், சதவீதக் கணக்காகப் போய்ச் சேரும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்குக் கவலை. நீங்கள் ஏற்கெனவே அந்தத் தளத்தில் இருக்கிறீர்கள். சித்தியின் மகனோ மகளோ நாளைக்குத் தாங்களாகவே பரிசோதனை செய்துகொண்டால், உங்களோடு 12.5 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 6.25 பக்கமாக வந்து நிற்கும். சராசரி என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தான். இருந்தாலும், ஆர்வம் உள்ள பிள்ளை அதை நோண்டாமல் விடாது. ஆகவே "இந்த ரகசியம் என்னோடு போகட்டும்" என்ற ஏற்பாடு இப்போது செல்லுபடியாகாது. அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை.

சரி, ஃபைலுக்கு வருவோம். தொழில்நுட்பமாக இதைப் பதிவது மிக எளிது. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெற்றோர் குடும்பங்கள் இருக்கலாம். தாத்தா பாட்டி குடும்பத்தில் சித்தி, உறவு 'தத்து' அல்லது 'வளர்ப்பு'. பெரியம்மாவைத் தாயாகவும் தந்தையை வெறுமையாகவும் வைத்து இன்னொரு குடும்பம், அதில் சித்தி, உறவு 'பிறப்பு'. பட்டியலில் முதலில் இருக்கும் பெற்றோரே வரைபடத்தில் வருவார்கள் என்பதால் பார்வைக்கு எதுவும் மாறாது. இரண்டாவது குடும்பத்துக்கு 'இது தனிப்பட்டது' என்று சொல்லும் பூட்டுக் குறியைப் போட்டுவிட்டால், தனிப்பட்ட பதிவுகளை விலக்கி எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது அடுத்தவருக்குக் கொடுக்கப் பிரதி எடுக்கும்போது, அது வெளியே போகாது. பல வழிகாட்டிகள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன.

ஆனால் பாருங்கள், இரண்டாவது குடும்பத்தைப் பூட்டினாலும் முதல் குடும்பத்தில் 'வளர்ப்பு' என்ற சொல் திறந்தே கிடக்கிறது. எக்ஸ்போர்ட்டில் அது அப்படியே போகும். வாங்கியவர் திறந்து பார்த்தால் ஐந்து பிள்ளைகளில் நான்குக்கு 'பிறப்பு', ஒன்றுக்கு மட்டும் 'வளர்ப்பு'. கதையைச் சொல்ல அந்த ஒரு சொல் போதும். அதை மறைக்க அந்த உறவையே பூட்டினால், வெளியே போகும் பிரதியில் சித்தி பெற்றோரே இல்லாமல் தனியாக நிற்பார். அது இன்னும் மோசம்.

எனவே என் யோசனை இது. தாத்தா பாட்டியின் பிள்ளைகளில் யார் யாருக்குப் பிறப்புச் சான்று உங்களிடம் இல்லையோ, அவர்கள் அனைவருக்கும் உறவை 'தெரியவில்லை' என்று மாற்றிவிடுங்கள். உங்கள் அம்மா உட்பட. எல்லோருக்கும் சான்று இருந்து சித்திக்கு மட்டும் இல்லையென்றால் இது பலிக்காது, ஆனால் அந்தத் தலைமுறையில் அப்படி அமைவது அபூர்வம். இது சூழ்ச்சி இல்லை, உங்கள் சான்றுகள் இருக்கும் நிலையை அப்படியே சொல்வது. யாராவது கேட்டால், "ஆவணம் பார்க்காமல் பிறப்பு என்று போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள், அதற்கு மேல் யாரும் குடைய மாட்டார்கள். இதைச் செய்தபின் உங்கள் ஃபைலில் சித்தியைப் பற்றி ஒரு பொய்யும் இருக்காது, ஒரு ரகசியமும் இருக்காது.

கடிதத்தையும் அதைப்பற்றி நீங்கள் நினைப்பதையும் மென்பொருளுக்கு வெளியே வையுங்கள். ஸ்கேன் செய்து, தேதியிட்டு, கடிதம் எங்கே எப்படிக் கிடைத்தது, அதிலிருந்து என்ன ஊகிக்கிறீர்கள், என்ன இன்னும் ஊர்ஜிதமாகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, கடவுச்சொல் போட்ட தனி ஃபைலில் வைத்து, மூலக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் உறைமேல் எழுதுங்கள். எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சித்தியின் ஆவணம்.

எதற்கு இந்தச் சுற்று, பூட்டு போதாதா என்றால், பூட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கிராம்ப்ஸில் அந்தப் பூட்டுக் குறி எதையும் மறைகுறியாக்குவதில்லை, வெளியே அனுப்பும்போது வடிகட்டுவதற்கான அடையாளம் மட்டுமே. உங்கள் மடிக்கணினியைத் திறந்து உட்காருபவருக்கு எல்லாமே தெரியும். எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த ஒரு பெட்டியில் டிக் போட மறந்தால் எல்லாமே போகும். எக்ஸ்போர்ட் செய்யச் சோம்பல்பட்டு பேக்கப் ஃபைலையே தூக்கி அனுப்புகிறவர்கள் ஏராளம், அதில் சொல்லவே வேண்டாம்.

மென்பொருள்களுக்கு இடையே தகவல் கடத்தும் ஜெட்காம் வடிவத்தின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அது 1984இல் மோர்மன் கிறிஸ்தவ சபை உருவாக்கியது. இன்று அதிகம் புழங்கும் 5.5.1 பதிப்பு 1999இல் வரைவாக வந்து, இருபது வருடம் வரைவாகவே எல்லோராலும் பயன்படுத்தப்பட்டு, 2019இல்தான் அதிகாரபூர்வமானது. (இந்தத் துறையின் வேகத்துக்கு இது ஒரு நல்ல உதாரணம்.) 2021இல் 7.0 வந்தது. இந்த வடிவத்தில் ஒரு பதிவு அந்தரங்கமானது என்று குறி போட வழி உண்டு. பிள்ளைக்கும் பெற்றோருக்குமான தொடர்பு பிறப்பா, தத்தா, வளர்ப்பா என்று சொல்ல வழி உண்டு, அது ஐயத்துக்குரியது அல்லது தவறென்று நிரூபிக்கப்பட்டது என்று குறிக்கவும் வழி உண்டு. ஆனால் இதெல்லாம் ஒரு வேண்டுகோள்தான். வாங்கும் மென்பொருள் அதை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். அந்தரங்கம் என்ற குறியைத் தூக்கிப்போட்டுவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன, 'தத்து' என்பதை விட்டுவிட்டுச் சாதாரணப் பிள்ளையாகச் சேர்ப்பவையும் இருக்கின்றன.

பெரியம்மாவிடம் பேச வேண்டும். மென்பொருளை விட இது பெரிய வேலை, எனவே இதைத் தள்ளிப்போடவே மனசு சொல்லும். தனியாகப் போங்கள், மாமாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள், மடிக்கணினி வேண்டவே வேண்டாம். "பெரியம்மா, பாட்டி பெட்டியில் இந்தக் கடிதம் இருந்தது. நான் யாருக்கும் காட்டவில்லை. இதை என்ன செய்யட்டும்?" இவ்வளவு போதும். உண்மையா என்று கேட்காதீர்கள், கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு (மூலம் உறையிலேயே இருக்கட்டும்) சும்மா இருங்கள். அவர் பேசலாம், அழலாம், உங்களைத் திட்டி அனுப்பலாம். அறுபது வருடம் தன் மகளைத் தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷி என்றால், அவர் எந்த மாதிரி எதிர்கொள்வார் என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. டி.என்.ஏ. சமாச்சாரத்தை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள், சித்தியின் பிள்ளைகள் வழியாக இது என்றாவது வெளியே வரலாம், அதற்கு முன் அவர் வாயால் கேட்பது சித்திக்கு நல்லது என்று. முடிவு அவருடையது.

அவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? பொறுங்கள். சித்திக்குத் தன் பிறப்பை அறியும் உரிமை இல்லையா என்று உங்கள் மனசு கேட்கும், இருக்கிறது. தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் வயது வந்தபின் தங்கள் மூலப் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்று ஸ்காட்லாந்து 1930இலேயே வழி செய்தது, இங்கிலாந்தும் வேல்ஸும் 1975 சட்டத்தில்தான் அதற்கு வந்தன. அந்த உரிமை தேடிப் போகிறவருக்குக் கொடுக்கப்பட்டது. அக்கா மகள் ஒருத்தி தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அல்ல. என்றாவது சித்தியே உங்களிடம் வந்து நேராகக் கேட்டால், அல்லது குடும்ப நோய் வரலாறு என்று மருத்துவர் கேட்டு அது சிகிச்சையையே மாற்றும் என்ற நிலை வந்தால், பெரியம்மா சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அப்போது பொய் சொல்லாதீர்கள். அதுவரை அந்த உறை உறையாகவே இருக்கட்டும்.

தாத்தாவின் இன்னொரு குடும்பம் வேறு வகை. இங்கே சம்பந்தப்பட்டவரே வந்து என்னைச் சேர் என்கிறார். அவருடைய டி.என்.ஏ. ஒப்பீட்டில் என்ன வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சொல்வது சரியென்றால் உங்கள் அம்மாவும் அவர் அம்மாவும் ஒரே தந்தைக்கு வேறு தாயார் வயிற்றில் பிறந்தவர்கள், உங்கள் இருவருக்கும் சராசரியாக 6.25 சதவீதம் வர வேண்டும். சித்தி பிள்ளைகளுக்குச் சொன்ன அதே எண்தான் இது, கவனித்தீர்களா? எண் உறவின் தூரத்தைச் சொல்லும், உறவின் பெயரைச் சொல்லாது. தாத்தாவின் அண்ணன் தம்பி வழியாகக்கூட ஏறக்குறைய இதே மாதிரி எண்கள் வரலாம். அவரிடம் இருக்கும் ஆவணங்களைக் கேளுங்கள், பள்ளிப் பதிவு, அடையாள ஆவணம், பழைய கடிதம், எதில் தாத்தாவின் பெயர் தந்தையாக எழுதப்பட்டிருக்கிறது என்று.

பொருந்தினால் சேர்த்துவிடுங்கள். தாத்தாவையும் தொடர்புகொண்டவரின் பாட்டியையும் வைத்துத் தனிக் குடும்பப் பதிவு, அதில் பிள்ளைகள், உறவு 'பிறப்பு'. குடும்ப வகை என்ற கட்டத்தில் மணமானவர்கள், மணமாகாதவர்கள், தெரியவில்லை என்றெல்லாம் இருக்கும், தெரியாதவரை 'தெரியவில்லை' என்றே இருக்கட்டும். திருமண நிகழ்வு எதையும் சேர்க்காதீர்கள். குடும்பப் பதிவு ஒன்று இருப்பதாலேயே அவர்கள் மணமானவர்கள் என்று ஆகிவிடாது. ஜெட்காமில் கணவன், மனைவி என்று பெயரிட்ட இடங்கள் இருப்பதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள், அவை வெறும் இடங்கள்தான். அந்த இடத்தில் இருப்பதை வைத்து ஒருவரின் பாலினத்தையோ பங்கையோ ஊகிக்கக் கூடாது என்று 7.0 பதிப்பின் விளக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

குறிப்புகளில் எழுதும்போது நாக்கை அடக்குங்கள். சின்னவீடு, வைப்பு, முறைதவறிப் பிறந்தது என்று ஒரு எழுத்தும் வேண்டாம். பழைய ஆவணம் ஏதாவது அப்படிச் சொன்னால் ஆவணத்தின் நகலில் மேற்கோளாக இருக்கட்டும், உங்கள் வாக்கியமாக இருக்கக் கூடாது. 'இன்னாருடன் இரண்டு பிள்ளைகள்' என்றாலே விஷயம் முடிந்தது. அந்தப் பாட்டி பிறந்த தேதி, அவருடைய பெற்றோர் யார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். இத்தகைய பெண்களை ஒரு முதலெழுத்தோடு நிறுத்திவிடும் பழக்கம் வம்சாவளி எழுதுகிறவர்களிடம் இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதில்லை.

மாமாவுக்கு என்ன சொல்வது? அவர் கேட்பதில் பாதிக்கு அவருக்கு உரிமை உண்டு. அவர் உயிரோடு இருக்கிறார், தன் விவரம் மற்றவர்களுக்குப் போகக் கூடாது என்கிறார். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள், அவருடைய பதிவைப் பூட்டி, அனுப்பும் பிரதிகளில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தாத்தாவுக்கு யார் யார் பிள்ளைகள் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவருக்குத் தங்கையோ அக்காவோ ஆகக்கூடிய ஒருவர் உலகத்தில் இருக்கிறார், அவரை இல்லையென்று எழுதச் சொல்ல யாராலும் முடியாது. இதை மாமாவிடம் வாதாடி ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை. "உங்கள் பேரை எடுத்துவிட்டேன் மாமா" என்பதோடு பேச்சை முடித்துவிடலாம்.

இனி, சொந்தக்காரர்கள் கேட்கும் ஃபைல். எந்த எக்ஸ்போர்ட்டையும் அனுப்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். தனிப்பட்டவற்றை விலக்கு என்ற பெட்டியில் டிக் போட்டு, உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை நீக்கும் தேர்வையும் போட்டு (இறப்புத் தகவல் இல்லாதவரை 110 வயது வரை உயிரோடு இருப்பதாகவே கிராம்ப்ஸ் எடுத்துக்கொள்ளும், அது நல்லதுதான்), ஜெட்காம் ஃபைலாகச் சேமித்து, அந்த ஃபைலை நோட்பேடில் திறங்கள். அது வெறும் எழுத்து ஃபைல்தான், பயப்பட ஒன்றுமில்லை. தேடல் பெட்டியில் சித்தியின் பெயரைப் போடுங்கள், பெரியம்மாவின் பெயரைப் போடுங்கள், 'கடிதம்', 'தத்து', 'வளர்ப்பு' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கெங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆளைப் பூட்டியிருப்பீர்கள், ஆனால் பாட்டியின் குறிப்பில் "மூத்த மகளின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தார்" என்று எப்போதோ எழுதியது அப்படியே இருக்கும். சான்றின் தலைப்பு காட்டிக்கொடுக்கும். படத்தைப் பூட்ட மறந்திருந்தால் படம் போகாவிட்டாலும் படம் இருக்கும் பாதை போகும், அங்கே நீங்கள் 'சித்தி உண்மையான அம்மா கடிதம் பக்கம் 2' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்திருப்பீர்கள்.

உலகத்துக்கே ஒரே மரம் என்று நடத்தும் பொதுத் தளங்களில் எதையும் ஏற்றுவது இன்னொரு கதை. ஃபேமிலிசர்ச்சின் பொது மரத்தில் உயிரோடு இருப்பவரின் பதிவு எல்லோர் கண்ணிலும் படாது, ஆனால் இறந்தவர் என்று குறித்த நிமிடம் முதல் அது எல்லோருக்கும் தெரியும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். விக்கிட்ரீயில் பெற்றோரை 'உறுதியற்றது', 'உயிரியல் தொடர்பு இல்லாதவர்' என்று குறிக்கும் வசதி இருக்கிறது, நல்ல வசதிதான், அதற்காகச் சித்தியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். வீட்டுக்குள் வைத்திருக்கும் பட்டியலும் இணையத்தில் போட்ட பட்டியலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். தேவாலயத் தொண்டர் ஒருவர் தன் சக தொண்டர்களைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் எழுதினார், அதில் ஒருவர் காலில் அடிபட்டு, மருத்துவக் காரணத்தால் பாதி நேரம் மட்டும் வேலை செய்வதையும் சேர்த்து, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டது சொந்த வீட்டு விவகாரம் ஆகாது என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே சொந்தக்காரர்களுக்கு ஃபைல் வேண்டாம், வரைபடத்தை பிடிஎஃப்பாகக் கொடுங்கள். ஆளாளுக்கு அவரவர் கிளை, பெயரும் பிறந்த வருடமும் மட்டும், குறிப்புகள் இல்லாமல். பத்தில் ஒன்பது பேர் கேட்பது அதைத்தான், சுவரில் மாட்டுவதற்கு. அந்தப் பத்தாவது ஆள் எப்படியும் தரவு வேண்டும் என்று அடம்பிடித்தால், நோட்பேடில் சோதித்த பிரதியைக் கொடுங்கள். புதிதாக வந்தவருக்கும் அவருடைய கிளையை மட்டும் எடுத்து அனுப்பி, பெயர் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று அவர் அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.